தட்டில் செத்த செல்லும் மாமனாரின் கசாயமும்

கேள்வி: என் மாமனார் கடலூர் முதுநகரில் 40 ஆண்டுகளாக நாட்டு வைத்தியம் பார்த்துவருகிறார். கட்டிகளுக்கு ஓர் இலைக் கசாயம் கொடுப்பார். அந்த இலையைத் தனியார் ஆய்வகம் ஒன்றில் கொடுத்துப் பார்த்தோம். ‘மெத்தனால் சாறு, மில்லிக்கு 200 மைக்ரோகிராம் அளவில், ஹீலா புற்றுச் செல்களில் 82 சதவீதத்தை அழித்தது’ என்று அறிக்கை வந்திருக்கிறது. பக்கத்து வீட்டு அம்மா மார்பகப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துவருகிறார். அவருக்குக் கொடுக்கலாமா? இதை மருந்தாக்க அடுத்து என்ன செய்ய வேண்டும்? இலையின் பெயரை இப்போதைக்குச் சொல்ல விரும்பவில்லை.

பதில்: முதலில் பக்கத்து வீட்டு அம்மா. கொடுக்காதீர்கள். கீமோ மருந்துகள் பலவற்றை உடைத்து வெளியேற்றுவது கல்லீரலின் நொதிகள்தான். மூலிகை அந்த நொதிகளைத் தூண்டிவிட்டால் மருந்து வேலை செய்வதற்கு முன்பே கழிந்துவிடும். முடக்கிவிட்டால் உடம்பில் தேங்கி நஞ்சாகும். மேலைநாடுகளில் மனச்சோர்வுக்குச் சாப்பிடும் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மூலிகை, இரினோடெகான் என்ற கீமோ மருந்தின் வீரியத்தை ரத்தத்தில் குறைத்துவிடுவதை நோயாளிகளிடமே அளந்து பார்த்திருக்கிறார்கள். அந்த அம்மா ஏற்கெனவே கசாயம் குடித்திருந்தால், ஜிப்மரோ வேறு மருத்துவமனையோ, சிகிச்சை தரும் மருத்துவரிடம் சொல்லிவிடச் சொல்லுங்கள். திட்டு விழும் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம்.

இனி அறிக்கை. உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் தட்டில் 96 சிறு குழிகள் இருக்கும். செல்களை அவற்றில் வளரவிட்டு, சாற்றைச் சேர்த்து, ஓரிரு நாள் கழித்து எம்.டி.டி. என்ற மஞ்சள் கரைசலை ஊற்றுவார்கள். உயிருள்ள செல் அந்த மஞ்சளை ஊதாவாக மாற்றும். ஊதா குறைந்த அளவுக்குச் செல் செத்தது என்று கணக்கு. ஆக, உங்கள் 82 சதவீதம் என்பது செத்த செல்களை எண்ணி வந்ததல்ல, நிறத்தை அளந்து வந்தது. இலைச்சாற்றுக்குச் சொந்த நிறம் உண்டு. அதிலுள்ள சில பொருள்கள் செல்லே இல்லாமல்கூட மஞ்சளை ஊதாவாக்கிவிடும். செல் போடாமல் சாறு மட்டும் ஊற்றிய குழிகள் இருந்தனவா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். பதில் சொல்லத் திணறினால் அறிக்கையை மடித்து வைத்துவிடலாம்.

200 மைக்ரோகிராம் என்பதும் அதிகம். கச்சாச் சாறு ஒன்று மேற்கொண்டு பார்க்கத் தகுந்ததா என்று முடிவு செய்ய, மில்லிக்கு 20 முதல் 30 மைக்ரோகிராமுக்குள் பாதிச் செல்களின் வளர்ச்சியாவது அடங்க வேண்டும் என்பது துறையில் புழங்கும் அளவுகோல். இன்னொன்று: ஹீலா 1951இல் ஒரு பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்து வளர்த்த செல்வழி. அந்த அம்மாவுக்கு இருப்பது மார்பகப் புற்று.

ஆனால் நான் அறிக்கையில் தேடும் வரி வேறு. பிச்சாவரத்தில் தில்லை மரத்தின் கிளையை ஒடிக்கப் போனால் உள்ளூர்க்காரர்கள் கையைத் தட்டிவிடுவார்கள். பால் தோலில் பட்டால் கொப்பளிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அந்தப் பாலைத் தட்டில் விட்டால் புற்றுச் செல் சாகாதா? பினாயில் விட்டாலும் சாகும். கொல்வதில் வித்தையில்லை. அதே அளவில் சாதாரணச் செல்லை அது விட்டுவைக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். உங்கள் அறிக்கையில் சாதாரணச் செல் என்ற பேச்சே இல்லை.

உங்கள் மாமனார் மெத்தனாலில் ஊறவைத்தா கொடுக்கிறார்? தண்ணீரில் இறங்காத பொருள்கள் மெத்தனாலில் இறங்கும். ஆய்வகம் சோதித்தது ஒன்று, உங்கள் வீட்டு அடுப்பில் கொதிப்பது வேறொன்று.

இதற்காக மூலிகையே வீண் என்று நான் சொல்லவில்லை. நம் ஊரில் சுடுகாட்டுப்பூ என்று ஒதுக்கிய நித்தியகல்யாணியை 1950களில் கனடாவில் நீரிழிவுக்காகச் சோதித்தார்கள். எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது சர்க்கரை அசையவில்லை. ஊசியில் ஏற்றியபோது வெள்ளணுக்கள் சரிந்து, தொற்று கண்டு எலிகள் செத்தன. அந்தச் சாவை ஒருவர் உட்கார்ந்து யோசித்ததால் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பின்னாலேயே வந்த வின்கிறிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. குழந்தைகளின் ரத்தப் புற்றுக்கு இன்றும் அது முக்கிய மருந்து. ஆனால் அதை நரம்பில் மட்டுமே ஏற்றுவார்கள். வெளியே கசிந்தால் சதை வெந்துபோகும். அந்தச் செடியைக் கசாயம் வைத்துக் குடிப்பது வேறு கதை.

அடுத்த வேலை இலைக்குப் பெயர் வைப்பது. திருட்டுப் பயம் எனக்குப் புரிகிறது. சோதிப்பவரிடம் ரகசிய ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் பெயர் தெரியாத செடியில் ஆராய்ச்சி நடக்காது. கரிசலாங்கண்ணி என்று வெள்ளைப் பூவையும் மஞ்சள் பூவையும் ஒரே பெயரில் சொல்கிறோம், இரண்டும் வெவ்வேறு பேரினம். பூ, காய், இலையோடு கிளையைச் செய்தித்தாளில் வைத்து அழுத்தி உலர்த்தி, பறித்த இடமும் தேதியும் எழுதி, தாவரவியல் தெரிந்தவரிடம் கொடுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் ஹெர்பேரியம், அதாவது உலர்த்திய செடி மாதிரிகளின் காப்பகம், இருக்கிறது. அத்தகைய இடத்து மாதிரியோடு ஒப்பிட்டால்தான் பெயர் உறுதியாகும். சிப்காட் பக்கமோ சாலையோரமோ பறித்ததைக் கொடுக்காதீர்கள். ஈயம், காட்மியம் இருந்தால் செல்லைக் கொன்றது எது என்றே தெரியாது.

எலி, பிறகு மனிதர் என்று போவதற்கு நெறிமுறைக் குழு அனுமதியும், மனிதச் சோதனையை முன்கூட்டியே பதிவு செய்வதும் வேண்டும். பல ஆண்டு வேலை, நல்ல பணம். அதுவரை ‘புற்றுநோய் குணமாகும்’ என்று பலகை மாட்டிவிடாதீர்கள். 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்த விளம்பரமே குற்றம், முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறை உண்டு.

இந்த வாரம் செய்யக்கூடியது ஒன்று. மாமனார் கசாயம் வைக்கும்போது பக்கத்தில் நின்று இலை எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை பங்கு, எத்தனை பங்காக வற்றுகிறது என்று எழுதுங்கள். அந்தக் கசாயத்தையே உறையவைத்து உலர்த்தி, மார்பகப் புற்றுச் செல்லிலும் சாதாரணச் செல்லிலும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அறிக்கை வந்ததும் எனக்கு எழுதுங்கள். இலையின் பெயரை அப்போதும் என்னிடம் மறைத்துக்கொள்ளலாம்.