புதுக் கம்பைலரில் பிழை வந்தால் யாருங்க கேட்பாங்க?

கேள்வி: எம்ப்ராய்டரி மெஷினுக்கு கன்ட்ரோல் போர்டு செய்கிறோம். கம்பைலரின் (எழுதின புரோகிராமை சிப்புக்குப் புரிகிற கட்டளையாக மாற்றுகிற மென்பொருள்) புதுப் பதிப்பு வந்ததும் மாறினோம். புரோகிராமை வேகமாக்குகிற ஆப்டிமைசேஷன் வசதியைப் போட்டால் புரோகிராம் தப்பாக ஓடுகிறது. கம்பெனிக்கு எழுதி மூன்று வாரமாகியும் பதில் இல்லை. அவசரப்பட்டு விட்டோமா?
– வாசகர், திருப்பூர்

பதில்: மாறினது தப்பில்லைங்க. டெஸ்ட் பெஞ்சில் ஓட்டிப் பார்க்காமல் சரக்கில் ஏற்றியிருந்தால்தான் தப்பு.

கோவை கணபதியில் பம்ப்செட் ஸ்டார்ட்டர் போர்டுகளுக்கு நான் சி-யில் புரோகிராம் எழுதுகிறேன். காசு கொடுத்து வாங்கின கம்பைலர், புதுப் பதிப்பு வந்த வாரமே போட்டேன். கிணற்றில் தண்ணி வற்றினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும், நிற்கவில்லை. தண்ணி வற்றினால் மோட்டார் இழுக்கிற கரண்ட் குறையும்; அதில் இருந்து செட் செய்த அளவைக் கழித்தால் மைனஸ் வரணும். ஓ2 என்கிற ஆப்டிமைசேஷன் அளவைப் போட்டதும் கம்பைலர் அந்த மைனஸைத் தொலைத்துவிட்டு, பெரிய பிளஸ் எண்ணாக எடுத்துக்கொண்டது. கம்பைலர் உருவாக்கின கட்டளைகளின் பட்டியலை (அசெம்பிளி லிஸ்டிங்) பிரித்துப் பார்த்துத்தான் பிடித்தேன். அந்த போர்டு ஒரு விவசாயியின் தோட்டத்துக்குப் போயிருந்தால் மோட்டார் காயில் கருகிப் போயிருக்கும். இப்ப நினைத்தாலும் பதறுது.

முதலில் மொத்த புராஜெக்டையும் சுருட்டி அனுப்பினேன். இரண்டு வாரம் சத்தமே இல்லை. அங்கே உட்கார்ந்திருக்கிறவர் நம்ம போர்டை மாட்டி, மோட்டாரை ஓட்டியா பார்ப்பார்? பிறகு ராத்திரி உட்கார்ந்து, அந்தப் பிழை மட்டும் தெரிகிற மாதிரி புரோகிராமை வெட்டி வெட்டி 14 வரிக்குக் கொண்டுவந்தேன். வர வேண்டிய விடை, வந்த விடை, பதிப்பு எண், முழு கமாண்ட் எல்லாம் சேர்த்து அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில்: பிழை உறுதி, அந்த ஒரு ஃபங்ஷனுக்கு மட்டும் ஆப்டிமைசேஷனை நிறுத்துங்கள், அடுத்த திருத்தப் பதிப்பில் சரியாகும். சொன்னபடி சரியானது.

இலவசமாகக் கிடைக்கிற ஜிசிசி கம்பைலர்க்காரர்களும் இதையேதான் கேட்கிறார்கள்: பதிப்பு, கமாண்ட், ப்ரீபிராசஸ் ஆன ஃபைல் (ஹெடர் ஃபைல்கள் எல்லாம் உள்ளே சேர்ந்த புரோகிராம்). பழைய பதிப்பில் சரியாக ஓடி புதியதில் கெட்டால் அதை ரிக்ரஷன் என்பார்கள். வெளிவந்துவிட்ட பதிப்பில் முக்கியமாக அந்தத் திருத்தங்களைத்தான் சேர்ப்பார்கள். ஜிசிசி 14.1 வந்தது 2024 மே 7, 14.2 வந்தது ஆகஸ்ட் 1. நடுவில் மூணு மாசம் கூட இல்லை. அதனால் சீக்கிரம் மாறினவர் சொல்கிற பிழைக்குத்தான் மதிப்பு. ஆறு வருஷப் பதிப்பைக் காட்டினால், "முதலில் புதுசுக்கு மாறுங்கள்" என்பார்கள்.

2014-ல் ஜிசிசி 4.9.0 லினக்ஸின் மையப் பகுதியான கர்னலையே தப்பாகக் கம்பைல் செய்தது. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ் கடுமையாகத் திட்டினார். ஆனால் கம்பைலர் எந்த இடத்தில் ஸ்டாக் பாயின்ட்டரை (தற்காலிக நினைவகத்தின் எல்லையைக் காட்டுகிற குறி) நகர்த்தும் முன்பே அதற்குக் கீழே எழுதுகிறது என்றும் காட்டினார். கர்னலைக் கம்பைல் செய்யும்போது கம்பைலரின் ஒரு ஆப்ஷனை அணைத்து உடனடியாகச் சமாளித்தார்கள்.

ஒன்று மட்டும் முதலில் பாருங்க: வாலடைல் (மதிப்பு வெளியிலிருந்து மாறலாம் என்று கம்பைலருக்குச் சொல்கிற சொல்) விட்டுப்போச்சா, ஆரம்ப மதிப்பு கொடுக்காத வேரியபிள் இருக்கா? வார்னிங் எல்லாம் போட்டு ஒரு தடவை கம்பைல் பண்ணுங்க. நம்ம தப்பை அவங்க தலையில் கட்டினால் அடுத்த கடிதத்தைத் திறக்கவே யோசிப்பாங்க. சுத்தமாக இருந்தால், சுருக்கின ஃபைலை அதே டிக்கெட் (புகார்) நம்பரில் திரும்ப அனுப்புங்க. "பழைய பதிப்பில் ஓடியது" என்பது முதல் வரியில் இருக்கட்டும். பதில் வரும்வரை மெஷினுக்குப் போகிற சரக்கைப் பழைய கம்பைலரிலேயே போடுங்க.