வளைந்த வெட்டு ஏன் விழவில்லை?

கேள்வி: சாலிட்வொர்க்ஸில் (கணினியில் முப்பரிமாணப் பாகங்களை வடிவமைக்கும் மென்பொருள்) ஒரு கைப்பிடியின் மேல்பக்கத்தை இரு திசையிலும் வளைவாக வெட்ட வேண்டும். லாஃப்ட் சர்ஃபேஸ் (பல ஸ்கெட்ச்களை இணைத்து உருவாகும் தடிமனில்லாத பரப்பு) வரைந்து, அந்தப் பரப்பால் திடப்பொருளை வெட்டும் 'கட் வித் சர்ஃபேஸ்' கொடுத்தால் எரர் வருகிறது. ஏன்?

பதில்: பெரும்பாலும் சர்ஃபேஸ் பாகத்தின் விளிம்போடு நின்றிருக்கும். அது திடப்பொருளை முழுதாகக் கடந்து வெளியே வர வேண்டும்; ஒரு மூலை உள்ளே நின்றாலும் வெட்டு விழாது. ஸ்கெட்ச் போடும்போதே நான்கு பக்கமும் 5 மி.மீ. நீட்டி வரையுங்கள். பிறகு 'எக்ஸ்டெண்ட் சர்ஃபேஸ்' கொண்டும் நீட்டலாம். ஆனால், வளைவு இறுக்கமான ஓரங்களில் அந்த நீட்டிப்பு தன்மேலேயே மடங்கிவிடலாம். லாஃப்டைவிட பவுண்டரி சர்ஃபேஸ் (இரு திசைகளிலும் வரையும் வளைகோடுகளிலிருந்து உருவாகும் பரப்பு) நல்லது. இரு திசையிலும் வளைவைக் கட்டுப்படுத்தலாம். வெட்டும்போது திரையில் வரும் அம்புக்குறி காட்டும் பக்கம்தான் நீங்கும், பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டியபின் சர்ஃபேஸை மறைத்து வையுங்கள். ஃபீச்சர் ட்ரீயில் (செய்த படிகளின் பட்டியல்) அதை அழித்தால் வெட்டும் போய்விடும்.