மழை நாளில் விலகும் எண்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்கு விருதுநகர் பக்கம் ஒரு கிராமம். எங்கள் வீட்டில் நான்தான் முதல் பட்டதாரி. வெளிநாட்டு ஆய்வு மாணவர்களுக்கான சிங்கா (SINGA) உதவித்தொகை கிடைத்து இங்கே சிங்கப்பூருக்கு முனைவர் பட்ட ஆய்வுக்கு வந்து ஒன்றரை ஆண்டு ஆகிறது. கிளமெண்டியில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில், இன்னொரு பெண்ணோடு ஓர் அறையில் இருக்கிறேன். அமோனியா வாயுவைக் கண்டறியும் உணரிகளைப் பற்றியது என் ஆய்வு.

பள்ளியிலிருந்தே முதல் மதிப்பெண் வாங்கி வந்தவள் நான். இங்கே வாராந்தரக் கூட்டத்தில் என் முறை வந்தாலே கை நடுங்குகிறது. போன வாரம் என் மேற்பார்வையாளர், "நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்கிறீர்கள். உங்கள் கருத்து என்ன?" என்று கேட்டார். எட்டுப் பேர் முன்னால் வாயடைத்து நின்றேன். எங்கள் கல்லூரியில் பேராசிரியருக்கு மறுபேச்சுப் பேசினால் திமிர் பிடித்தவள் என்று பெயர் வாங்க வேண்டியதுதான். அளவீடுகளும் சரியாக அமைவதில்லை. மழை நாட்களில் எண்கள் விலகிப் போகின்றன. என் கைப்பிழையாக இருக்கும்.

மூன்று மாதத்தில் தகுதித் தேர்வு. தேறினால் மாத உதவித்தொகை 2,700 வெள்ளியிலிருந்து (சிங்கப்பூர் டாலர்) 3,200 வெள்ளியாகும். தேறாவிட்டால் முதுநிலைப் பட்டத்தோடு அனுப்பிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. அப்பாவிடம் போனில் எல்லாம் நன்றாகப் போகிறது என்றே சொல்லி வருகிறேன். என் ஆங்கிலம்தான் குறையா? ஊருக்கே திரும்பிவிடலாமா? என் பெயரை வெளியிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வு மாணவி

*

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கடிதத்தை இரவு படித்தேன். காலையில் எழுந்ததும் மறுபடி எடுத்துப் படித்தேன். ஆங்கிலம் உங்கள் குறை இல்லை. சீனாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் வந்து, உங்களைவிடத் தட்டுத்தடுமாறி ஆங்கிலம் பேசிக்கொண்டே நல்ல ஆய்வு செய்தவர்களை இந்த ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். உங்களை அடைத்து வைத்திருப்பது நீங்களே எழுதியிருக்கும் அந்த ஒரு சொல்: திமிர்.

எனக்கு அது தெரியும். 2003இல் நானும் இங்கே ஓர் ஆய்வகத்தில் பீங்கான் பொடிகளைச் சுட்டுக்கொண்டிருந்தேன். நீளமான குழாய் உலை. பொடியை ஒரு சிறு பீங்கான் ஓடத்தில் வைத்து, கம்பியால் உள்ளே தள்ளி, இரவு முழுக்க 900 பாகையில் வைக்க வேண்டும். காலையில் எக்ஸ்ரே வரைபடம் எடுத்தால், இருக்க வேண்டிய முகடுகளுக்கு நடுவே வேண்டாத சின்ன முகடு ஒன்று தலைகாட்டும். பொடி முழுதாக வேகவில்லை என்று பொருள். வெப்பத்தை அளக்கும் தெர்மோகப்பிள் குழாயின் நடுவே இருந்தது. என் ஓடம் ஒரு சாண் தள்ளி இருந்தது. முதல் மாதமே என் கண்ணில் பட்ட விஷயம்தான். ஆனால் ஓடத்தை அங்கே வைக்கச் சொன்னவர் என் மேற்பார்வையாளர். அவருக்குத் தெரியாததா என்று இருந்துவிட்டேன்.

ஏழு மாதம் போனது. புதிதாகச் சேர்ந்த ஒரு சீன மாணவன் தன் முதல் கூட்டத்திலேயே கேட்டான்: "பொடி இருக்கும் இடத்தில் வெப்பம் எவ்வளவு?" மறுநாள் அளந்து பார்த்தோம். 60 பாகை குறைவு. மேற்பார்வையாளர் என்னைத் தனியே அழைத்து, உனக்கு இது தோன்றவே இல்லையா என்று கேட்டார். தோன்றியது என்றேன். அவர் திட்டவில்லை. முகம் வாடிப்போயிற்று. "அப்படியானால் ஏன் என்னை ஏழு மாதம் தவறாகவே இருக்கவிட்டாய்?" என்றார். நான் மரியாதை என்று நினைத்து வைத்திருந்தது அவருக்குக் கைவிட்டதாகத் தெரிந்திருக்கிறது. இருபது ஆண்டு கடந்தும் அந்த முகம் எனக்கு மறக்கவில்லை.

நம் மரபே இப்படித்தான் என்று சொல்வார்கள். அதை நம்பிவிடாதீர்கள். நன்னூல் பாயிரத்தில் மாணவன் ஆசிரியர் முன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று பவணந்தி முனிவர் சொல்கிறார்: இரு என்றால் இருந்து, சொல் என்றால் சொல்லி, போ என்றால் போக வேண்டும். நமக்குப் பள்ளியில் அழுத்திச் சொல்லித்தந்தது இந்தப் பாதியை. அதே பாயிரத்தில், நூலைப் பயிலும் முறையைச் சொல்லும்போது, 'வினாதல் வினாயவை விடுத்தல்' என்கிறார். கேள்வி கேட்பதும், கேட்ட கேள்விக்கு விடை சொல்வதும் மாணவன் கடன். நூல் எழுதுகிறவனுக்கு எழுவகை மதம், அதாவது ஏழு வகைக் கொள்கை, வகுக்கும்போது உடன்படலை அடுத்த இடத்திலேயே மறுத்தலை வைக்கிறார். பிறர் கொள்கையை ஏற்றுப் பின் களைவதும், பிறர் நூலின் குற்றத்தைக் காட்டுவதும், தன் கொள்கையை நாட்டி நிறுவுவதும் அந்த ஏழில் அடக்கம். உங்கள் தகுதித் தேர்வுக் குழு உங்களிடம் எதிர்பார்ப்பதும் ஏறத்தாழ இதைத்தான். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு உரை எழுதிய சேனாவரையர், தமக்கு முன்னால் எழுதிய இளம்பூரணரை இடத்துக்கு இடம் மறுக்கிறார். மறுக்கும்போதும் அவரை 'உரையாசிரியர்' என்றே குறிப்பிடுகிறார். எவ்வளவு அழகான மரியாதை!

அடுத்த கூட்டத்துக்கு முன் ஒரு தாளில் மூன்று வரி எழுதிக்கொள்ளுங்கள்: நான் பார்த்தது இது, இதற்குக் காரணம் இதுவாக இருக்கலாம், இதைச் சோதிக்க இப்படிச் செய்யப் போகிறேன். வாய் எழவில்லை என்றால் அந்தத் தாளைப் பார்த்தே வாசியுங்கள், குற்றமில்லை. முதல் நாள் மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிட்டால் இன்னும் எளிது. உங்கள் கருத்தை அவர் கேட்டிருக்கிறார். எல்லா மேற்பார்வையாளர்களும் கேட்பதில்லை.

திரும்பிப் போவது பற்றி இந்த மூன்று மாதத்தில் முடிவெடுக்க வேண்டாம். தூக்கம் கெட்டு, சாப்பாடு இறங்காமல் போனால் மட்டும் காத்திருக்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் மனநல ஆலோசகர்கள் இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள். அப்பாவிடம் ஆய்வைப் பற்றி எல்லாவற்றையும் விளக்க வேண்டியதில்லை. "கொஞ்சம் தடுமாறுகிறேன் அப்பா, சரி செய்துகொண்டிருக்கிறேன்" என்று சொல்லுங்கள். மழை பொய்த்தும் விதைப்பு பிந்தியும் பார்த்த ஊர் உங்களுடையது. அவருக்கு அது புரியும்.

இனி, நீங்கள் போகிறபோக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். மழை நாட்களில் எண்கள் விலகுகின்றன. கைப்பிழை என்றால் அது ஏன் வானத்தைப் பார்த்து வருகிறது? உங்கள் உணரி உலோக ஆக்சைடால் ஆனது என்றால், அதன் மேற்பரப்பில் நீராவி படிந்தாலே மின்தடை மாறும். அமோனியாவோ தண்ணீரைக் கண்டால் கரைந்து ஒட்டிக்கொள்ளும் வாயு. குழாயின் உட்சுவரில் ஈரம் இருந்தால் உணரிக்கு வந்து சேரும் அளவே குறைந்திருக்கலாம். உள்ளே போகும் வாயு உலர்ந்ததுதான் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நீங்கள் அளந்து பார்த்தீர்களா? இரவில் உணரிகளை எங்கே வைக்கிறீர்கள், உலர்பெட்டியிலா, திறந்த மேசையிலா? குறிப்பேட்டை எடுத்து, எண் விலகிய தேதிகளை ஒரு பக்கமும் மழை பெய்த தேதிகளை மறுபக்கமும் எழுதுங்கள். ஈரப்பதமானி ஒன்றை வாயு நுழையும் இடத்திலேயே பொருத்தச் சொல்லிக் கேளுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. ஜனவரி வரை உங்களுக்கு ஈரத்துக்குக் குறைவிருக்காது. முதல் பத்து நாள் அளவீடு கைக்கு வந்ததும் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.