ஏற்காடு ஏரிக்கரையில கல்யாணம் வைக்கணும்னா என்னென்ன பார்க்கணும்?

தங்கச்சிக்கு தை மாசம் கல்யாணம், ஏற்காடுலயோ சேலம் பக்கமோ தண்ணி ஓரமா ஒரு இடத்துல வைக்கணும்னு ஆசை, 250 பேர் வருவாங்க, எதை எதை பார்க்கணும்னு கேட்டிருக்கீங்க. எங்க பாப்பா, அதான் என் தங்கச்சி, அவ கல்யாணத்தை நாங்க அப்படித்தான் வச்சோம், ஏற்காடு ஏரியைப் பார்த்தாப்ல இருக்குற ஒரு தனியார் இடத்துல. அந்த அனுபவத்துல சொல்றேன்.

முதல் விஷயம், அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி முகூர்த்தம் எந்த நேரமோ அதே நேரத்துல அங்க போய் ஒரு மணி நேரம் நில்லுங்க. நாங்க முதல்ல பார்க்கப் போனது பகல் 11 மணிக்கு, நல்ல வெயில், தண்ணி பளபளன்னு இருந்துச்சு, பாப்பாவுக்கு அப்பவே புடிச்சுப்போச்சு, அப்பாவும் சரின்னுட்டாரு. அம்மா மட்டும்தான் "முகூர்த்தம் காலைல ஆறு டு ஏழரை, அந்த நேரத்துக்கு வந்து பார்க்காம நான் தலையாட்ட மாட்டேன்"னு ஒரே புடியா நின்னாங்க. சரின்னு அடுத்த வாரம் விடியக்காலம் நாலரைக்கு சேலம் அஸ்தம்பட்டில இருந்து கிளம்பி 20 கொண்டை ஊசி வளைவும் பனியிலயே ஏறி ஆறு மணிக்குள்ள போய்ச் சேர்ந்தோம். ஏரியே தெரியல! பத்தடி தள்ளி நின்ன அப்பா தெரியல. அம்மா மஞ்சப்பையில ஒரு காமாட்சி விளக்கு, எண்ணெய், திரி எல்லாம் கொண்டு வந்திருந்தாங்க, எங்ககிட்ட சொல்லவே இல்ல. மேடை போடறதா சொன்ன எடத்துல வச்சு ஏத்துனாங்க, அணைஞ்சுது. மறுபடி ஏத்துனாங்க, தண்ணி மேல இருந்து வர்ற காத்துல திரி ஒரு பக்கமா சாஞ்சு மறுபடி அணைஞ்சுது. மூணாவது தடவை விளக்கைத் தூக்கிட்டு போய் பதினஞ்சு அடி உள்ள தள்ளி ஒரு கல்லு சுவர் மறைவுல வச்சாங்க, நின்னு எரிஞ்சுது. மணவறை அங்கதான் வந்துச்சு. கல்யாணத்தன்னைக்கு ஓமமும் குத்துவிளக்கும் காத்துக்கு அணையாம இருந்தது அந்த சுவராலதான்.

அன்னைக்கு பனி விலகி ஏரி கண்ணுக்குத் தெரியறப்போ மணி ஏழே கால். ஆறு டு ஏழரை முகூர்த்தம்னா தாலி கட்டற நேரத்துல பின்னாடி வெள்ளைத் துணி கட்டுன மாதிரிதான் இருக்கும். நாங்க ஜோசியர்கிட்ட பேசி அதே நாள்ல ஒன்பது டு பத்தரை இருக்குன்னு தெரிஞ்சு அதை எடுத்துக்கிட்டோம். தை மாசக் குளிருக்கும் அதுதான் நல்லது, ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், காலைல ஆறு மணிக்கு வயசானவங்கள திறந்த வெளில உக்கார வைக்க முடியாது.

அடுத்தது திசை. இதை யாருமே சொல்றதில்ல ஆனா தண்ணி ஓரக் கல்யாணத்துல பாதி பிரச்சனை இதுலதான் இருக்கு. பொண்ணு மாப்பிள்ளை கிழக்கு பார்த்து உக்காரணும். அப்போ அவங்க முதுகுக்குப் பின்னாடி தண்ணி தெரியணும்னா ஏரி மேடைக்கு மேற்கால இருக்கணும், அதாவது நீங்க புடிக்கிற இடம் ஏரியோட கிழக்குக் கரையில வரணும். அப்படி அமைஞ்சா காலை வெயில் நேரா முகத்துல விழும், ஃபோட்டோவும் நல்லா வரும். ஏரி கிழக்கால இருந்துச்சுன்னா பொண்ணு மாப்பிள்ளைதான் தண்ணியப் பார்ப்பாங்க, வந்த சனம் எல்லாம் தண்ணிக்கு முதுகு காட்டிட்டு உக்காரும், ஃபோட்டோல தண்ணியே விழாது. அதே மேடையில சாயங்காலம் ரிசப்ஷன் வச்சா இன்னொரு சிக்கல், சூரியன் ஏரிக்குப் பின்னாடி இறங்கும், முகமெல்லாம் இருட்டடிச்சுரும். அதனால ரிசப்ஷனுக்கு வேற பக்கம் பார்த்து மேடை போடச் சொல்லுங்க. நாங்க ரிசப்ஷனையே கீழ சேலத்துல ஒரு மண்டபத்துல வச்சுட்டோம், சொந்தபந்தம், அப்பா ஆபீஸ் ஆளுங்க, தெருக்காரங்கன்னு 700 பேர், மேல முகூர்த்தத்துக்கு 180 பேர் மட்டும். எனக்குக் கேட்டா இதுதான் சரியான முறை, 250 பேரை மலைக்கு ஏத்தி இறக்கறது லேசான வேலை இல்லீங்க.

ஏற்காடு தவிர வேற இடம்னு கேட்டா, மேட்டூர் பக்கம் பார்க்கறவங்க ஒண்ணு கவனிக்கணும், அது அணை. 120 அடி நிரம்பி நிக்கறப்போ எடுத்த ஃபோட்டோவைக் காட்டி புக்கிங் வாங்குவாங்க, ஆனா வழக்கமா ஜூன் 12ல இருந்து ஜனவரி கடைசி வரைக்கும் டெல்டாவுக்கு தண்ணி போற அணை அது, நீங்க கல்யாணம் வைக்கிற மாசத்துல தண்ணி எங்க நிக்கும்னு இப்பவே சொல்ல முடியாது, கரையில இருந்து தண்ணி வரைக்கும் வெறும் வெடிச்ச சேறா இருந்தா மனசு விட்டுப்போயிரும். அதே தை மாசத்துல எடுத்த பழைய ஃபோட்டோ கேளுங்க. மேட்டூருக்குக் கீழ காவிரிக்கரையில இருக்குற பூலாம்பட்டி பரவால்ல, கீழ கதவணை இருக்கறதால காவிரித் தண்ணி தேங்கி நிக்கும், எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டைக்கு படகு ஓடும், பார்க்க அழகா இருக்கும். ஆனா சேலம் கண்ணங்குறிச்சி மூக்கனேரி மாதிரி பொது ஏரியோட கரையில பந்தல் போடலாம்னு யாராவது சொன்னா நம்பி பணம் குடுக்காதீங்க. ஊர்க்காரங்களும் தன்னார்வலர்களும் சேர்ந்து சீர் பண்ணுன ஏரி அது, நடுவுல மண் திட்டுல மரம் வளர்ந்து பறவைங்க அடையுது, அங்க போய் ஸ்பீக்கர் கட்டறது நியாயமே இல்ல.

மாசம் தைன்னு முடிவு பண்ணது நல்ல விஷயம். ஐப்பசி கார்த்திகைன்னா மழை, 2024 டிசம்பர் ஆரம்பத்துல ஃபெஞ்சல் புயல் மழையில மலைப்பாதையில மண் சரிஞ்சது நம்மூர்க்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும். வைகாசின்னா கோடை விழாக் கூட்டம், ரூம் கிடைக்காது. எந்த மாசமா இருந்தாலும் அடிவாரம் வழி ஒண்ணு, குப்பனூர் வழி ஒண்ணுன்னு ரெண்டு ரோடும் எல்லா டிரைவருக்கும் தெரிஞ்சிருக்கணும்.

சமையலுக்கு வர்றேன். எங்க சமையல்காரண்ணன் சேலத்துல ஆயிரம் இலைக்கு அசால்ட்டா சமைக்கிறவரு, மேல வந்து சமைச்சதில்ல. மலைமேல தண்ணி 95 டிகிரி கிட்டயே கொதிச்சுரும், அதனால அரிசி பருப்பு வேக நேரம் கூட எடுக்கும், கீழ போடற கணக்குல உலை வச்சா பந்திக்கு சோறு நறுக்குன்னு நிக்கும். அவரை முந்தின நாளே கூட்டிட்டுப் போய் ஒரு உலை வச்சுப் பார்க்கச் சொன்னோம். வெந்ததான்னு ரெண்டு பருக்கையை விரல்ல நசுக்கிப் பார்த்துட்டு "கண்ணு, இன்னும் பத்து நிமிஷம் முன்னாடியே அடுப்பு பத்த வைக்கணும், சிலிண்டரும் ரெண்டு சேர்த்து வாங்கிரு"ன்னாரு. பந்தியை மட்டும் தண்ணி ஓரமா போடாதீங்க, அந்தக் காத்துக்கு இலை பறக்கும், ரசம் ஊத்தறதுக்குள்ள ஆறிப்போயிரும்.

ஜெனரேட்டர் இருக்குன்னு சொன்னா நம்பிறாதீங்க, ஓட விட்டுப் பாருங்க. எங்களுக்கு இருக்குன்னுதான் சொன்னாங்க, முந்தின நாள் ராத்திரி கரண்ட் போனப்போதான் அது ரூமுக்கு மட்டும்தான், மேடைக்கும் சமையல் கொட்டாய்க்கும் லைன் இல்லன்னு தெரிஞ்சுது. ராத்திரி பத்து மணிக்கு சேலத்துல இருந்து வாடகைக்கு எடுத்து மேல ஏத்தறதுக்குள்ள அண்ணனும் மாமாவும் பட்ட பாடு இருக்கே. ராத்திரி பத்துக்கு மேல ஸ்பீக்கர் போடக்கூடாதுங்கறது சட்டம், அதுவும் தண்ணி மேல சத்தம் எதிர்க்கரை வரைக்கும் தெளிவா போகும், அங்கயும் குழந்தைங்க தூங்கும்.

குழந்தைங்கன்னதும் ஞாபகம் வருது, கரை நீளத்துக்கும் கயிறு கட்டி ரெண்டு ஆளை அதுக்குன்னே நிறுத்துங்க, நம்ம சொந்தக்காரப் பசங்களைப் போடாதீங்க, தாலி கட்டற நேரத்துல அவங்க கண்ணு மேடையிலதான் இருக்கும், சம்பளத்துக்கு ஆள் போடுங்க. பூ, தெர்மாகோல், மாலை எதையும் தண்ணில போடக்கூடாதுன்னு டெக்கரேஷன்காரர்கிட்ட முன்னாடியே எழுதி வாங்கிருங்க.

பெரியவங்களை முந்தின நாள் மத்தியானமே மெதுவா கூட்டிட்டு வந்துருங்க. எங்க அம்மாயிக்கு, அதான் அம்மாவோட அம்மாவுக்கு, எண்பத்திரண்டு வயசு, வளைவுல தலை சுத்தும்னு முன்சீட்டுல உக்கார வச்சு, கையில ஒரு எலுமிச்சம்பழம் குடுத்து, நடுவுல ரெண்டு எடத்துல நிறுத்தி கூட்டிட்டு வந்தோம். ராத்திரி ரெண்டு கம்பளி போர்த்தித் தூங்குனாங்க, காலைல எட்டு மணிக்கு சால்வையோட வெளிய வந்து சேர்ல உக்காந்து, பனி விலகி தண்ணி தெரியற வரைக்கும் ஒரு வார்த்தை பேசாம அதையே பார்த்துட்டு இருந்தாங்க.