பழைய அமெரிக்கப் போர் காமிக்ஸான ‘எனிமி ஏஸ்’ஸில் விமானி ஹான்ஸ் வான் ஹாமருக்கு வில்லன் யார்?

பெயர் சொல்லும்படியான ஒருவன் ‘ஹேங்மேன்’. கறுப்பு முகமூடி போட்டு வரும் பிரெஞ்சு விமானி. ஆனால் வழக்கமான காமிக்ஸ் வில்லனைத் தேடி இதைப் படித்தால் ஏமாந்துபோவீர்கள்.

காரணம், ஹாமர் ஜெர்மானியன். 1965 பிப்ரவரி ‘அவர் ஆர்மி அட் வார்’ 151ஆம் இதழில், சார்ஜென்ட் ராக் என்ற அமெரிக்கப் படைவீரனின் கதையோடு கூடுதல் கதையாக வந்தவன். எழுத்து ராபர்ட் கானிகர், ஓவியம் ஜோ குபர்ட். களம் முதல் உலகப் போர். எதிரே பறந்து வருவதெல்லாம் பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானங்கள். அவர்களை அயோக்கியர்களாகக் காட்டினால் அமெரிக்காவில் யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? அதனால் கானிகர் பழியை வானத்தின் மேல் போட்டார். மேலே போகிற எவனையும், எந்த நாட்டுக்காரனானாலும், அது கொல்லும். ஹாமர் அடிக்கடி புலம்புவதும் இதைத்தான். ராசிக்காக விமானத்தில் கூட்டிப்போகும் ஷாட்ஸி என்ற நாய்க்குட்டியைக்கூட நடுவானில் பறிகொடுக்கிறான். தரையில் அவனுக்குத் துணை கருங்காட்டில் ஒரு ஓநாய் மட்டும்தான்.

கதை அதிகம் கண்டுகொள்ளாத இன்னொரு வில்லன் அவன் ஓட்டும் சிவப்பு ஃபோக்கர் டிஆர் 1. மூன்றடுக்கு இறக்கை, 110 குதிரைத்திறன் ரோட்டரி இன்ஜின், வேகம் மணிக்குச் சுமார் 185 கி.மீ. பிரெஞ்சு ஸ்பேட் 13 இருநூறை எளிதாகத் தாண்டும். ஆகவே ஃபோக்கர் பின்னால் துரத்திப் பிடிக்கும் கட்டங்களை நம்பாதீர்கள். ஸ்பேட்காரன் மூக்கைக் கீழே சாய்த்துப் பாய்ந்தால் தப்பிவிடுவான். ஃபோக்கரின் பலம் மேலேறுவதும் சட்டென்று திரும்புவதும். ரோட்டரியில் இன்ஜின் முழுவதுமே புரொப்பெல்லரோடு சேர்ந்து சுழலும். அந்த விசையால் வலப்பக்கம் வெகு வேகமாகத் திரும்பும். 1917 அக்டோபர் கடைசியில் மேல் இறக்கை பறக்கும்போதே பிய்ந்து ஹைன்ரிச் கோன்டர்மான் உள்ளிட்ட ஜெர்மன் விமானிகள் இறந்தார்கள். மட்டமான கட்டுமானம், உள்ளே ஈரம் இறங்கி ஒட்டு விட்டுப்போனது என்று தெரிந்ததும், பறப்பதை நிறுத்திவைத்து இறக்கைகளைப் பலப்படுத்தினார்கள். ஹாமருக்கு முன்மாதிரி, ‘ரெட் பேரன்’ என்று பெயர்பெற்ற நிஜ ஜெர்மன் விமானி ரிக்தோஃபன். எதிரி விமானங்களை வீழ்த்திய அவரது 80 வெற்றிகளில் இந்த விமானத்தில் கிடைத்தது ஏறத்தாழ கால்பங்குதான். மீதியெல்லாம் ஈரடுக்கு விமானங்களில். காமிக்ஸில் மூன்றடுக்கே நிலைத்துவிட்டது. குபர்ட்டின் தூரிகைக்கு அது தந்த அழகுக்காக அந்தப் பொய்யை மன்னிக்கலாம்.

படிக்க நினைத்தால் ‘ஷோகேஸ்’ 57, 58இல் தொடங்கி, 1968இல் ‘ஸ்டார் ஸ்பாங்கில்ட் வார் ஸ்டோரீஸ்’ 138இலிருந்து வரும் கதைகளுக்குப் போங்கள். 2008இல் வந்த கறுப்பு வெள்ளைத் தொகுப்பே போதும். வண்ணம் இல்லாததால் மையின் அழுத்தம் இன்னும் நன்றாகத் தெரியும். சிவப்பு விமானம் எது என்று மட்டும் சில கட்டங்களில் தேடவேண்டியிருக்கும்.