மீட்டிங்கில் யாரும் வாய் திறப்பதில்லை: பயமா, அக்கறையின்மையா?

கேள்வி: 12 பேர் கொண்ட டீமுக்குப் புதிதாக மேனேஜராக வந்திருக்கிறேன். மீட்டிங்கில் எல்லோரும் தலையாட்டுகிறார்கள், யாரும் பேசுவதில்லை. தவறுகள் வாடிக்கையாளர் சொல்லித்தான் எனக்குத் தெரிகின்றன. இவர்களுக்கு அக்கறை இல்லையா, பயமா? எப்படி மாற்றுவது?

பதில்: பெரும்பாலும் பயம்தான். உறுதி செய்ய ஒரு வழி உண்டு. கடைசியாக நடந்த நான்கைந்து சிக்கல்களை எடுத்து, டீமில் யாராவது அதை முதலில் கவனித்த தேதியையும், உங்கள் காதுக்கு வந்த தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். அக்கறை இல்லாதவர் கவனித்தே இருக்க மாட்டார். பயந்தவர் கவனித்திருப்பார், சொல்லாமல் வைத்திருப்பார். சாதாரண மெயிலுக்கும் பத்துப் பேரை சிசியில் சேர்ப்பது, சின்ன முடிவுக்கும் எழுத்தில் ஒப்புதல் கேட்பது, மீட்டிங் முடிந்தபின் வராந்தாவில் உண்மையைப் பேசுவது ஆகியவையும் அதே நோயின் அறிகுறிகள்.

மாற்றம் உங்கள் முதல் அரை நிமிடத்தில் இருக்கிறது. ஒருவர் கெட்ட செய்தியோடு வரும்போது, “யார் செஞ்சது?”, “ஏன் இப்படி?” என்று தொடங்காதீர்கள், அதைக் கேட்டவுடன் அவர் தற்காப்புக்குப் போய்விடுவார். “இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு. என்ன நடந்தது? இப்ப என்ன உதவி வேணும்?” இந்த வரிசையில் கேளுங்கள். அவர் முகத்தையும் உங்கள் முகத்தையும் மற்ற 11 பேரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

மீட்டிங்கில் “ஏதாவது சந்தேகம் இருக்கா?” என்று கேட்டால் மௌனம்தான் பதில். மாறாக, “இந்தத் திட்டத்தில் எது முதலில் சொதப்பும்? ஆளுக்கு ஒன்று எழுதுங்கள்” என்று இரண்டு நிமிடம் கொடுங்கள். அனுபவம் குறைந்தவர் முதலில் படிக்கட்டும். நீங்கள் கடைசியில் பேசுங்கள்.

இனி, தவறுகளின் பதிவு. அதை அப்ரைசலோடு சேர்த்தால் யாரும் எதையும் எழுத மாட்டார்கள். அமெரிக்க விமானத் துறையில் 1976 முதல் நடக்கும் பாதுகாப்பு அறிக்கைத் திட்டத்தில், தண்டிக்கும் அதிகாரமுள்ள துறை அறிக்கைகளை வாங்குவதில்லை. நாசா வாங்கி, அடையாளங்களை நீக்கிய பிறகே பயன்படுத்துகிறது. எதற்கு நடவடிக்கை உண்டு என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கைதவறினால் கிடையாது, தெரிந்தே மறைத்தால் உண்டு.

தொடங்கிய சில வாரங்களில் தவறுகளின் எண்ணிக்கை கூடும், பதறாதீர்கள். பணியிடக் குழுக்களை ஆராயும் ஹார்வர்ட் பேராசிரியர் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் ஆராய்ந்தபோது, நன்றாக இயங்கிய குழுக்களில்தான் மருந்துப் பிழைகள் அதிகம் பதிவாகியிருந்தன. அங்கே பிழையை வெளியே சொல்ல முடிந்தது.

பெயரில்லாக் கருத்துக்கணிப்பை நம்ப வேண்டாம். 12 பேர் டீமில் வாக்கிய நடையை வைத்தே ஆளைக் கண்டுபிடித்துவிடலாம், அது எல்லோருக்கும் தெரியும். “என் கதவு திறந்தே இருக்கும்” என்பதும் உதவாது. உள்ளே நுழையும் துணிச்சலைப் பயந்தவரிடமே கேட்கிறது அது. நீங்கள் ஒருமுறை எல்லோர் முன்னிலையிலும் கத்திவிட்டால், மன்னிப்பையும் எல்லோர் முன்னிலையிலுமே கேளுங்கள்.

வேலையில் கெட்டிக்காரர், ஆனால் பிறரை மட்டம்தட்டுகிறார் என்று ஒருவர் இருந்தால் அவரை விட்டுவைக்காதீர்கள். தனியே அழைத்து, நடந்த சம்பவத்தைச் சொல்லி, மீண்டும் நடந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள். இதைத் தவிர்த்தால் மேலே சொன்ன எதுவும் பலிக்காது.

பயம் உங்களுக்கு மேலிருந்து வருகிறதென்றால், கெட்ட செய்தியை மேலே நீங்களே கொண்டுபோங்கள். பெயர் சொல்லாமல், “என் டீமில் நடந்தது, பொறுப்பு என்னுடையது, இந்தத் தேதிக்குள் சரிசெய்கிறோம்” என்று சொல்லுங்கள்.