கிரியேட்டினின் நார்மல்தான், அப்புறம் எதற்கு டிடிபிஏ ஸ்கேன்?

அப்பாவுக்கு இடது கிட்னியில் கல்லடைப்பு, அல்ட்ராசவுண்டில் வீக்கம் தெரிகிறது, ரத்தத்தில் கிட்னி வடிகட்ட வேண்டிய கழிவான கிரியேட்டினின் 1.1தான், பிறகு ஏன் கதிரியக்க ஊசி போட்டு ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள், ஆபத்தில்லையா என்று கேட்டிருக்கிறீர்கள்.

எனக்குச் சொந்த ஊர் தக்கலை பக்கம். திருவனந்தபுரத்தில் நியூக்ளியர் மெடிசின் டெக்னாலஜிஸ்டாக இருக்கிறேன். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சலிலிருந்து இதே சந்தேகத்தோடு நிறைய பேர் வருகிறார்கள்.

கிரியேட்டினின் இரண்டு கிட்னிக்கும் சேர்த்த கணக்கு. ஒன்று படுத்தேவிட்டாலும் மற்றது ஈடுகட்டிவிடும், ரத்தத்தில் எண் பெரிதாக ஏறாது. அல்ட்ராசவுண்ட் உருவத்தைக் காட்டும், எந்தக் கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லாது. அதற்குத்தான் இந்த ஸ்கேன். டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருள் சேர்த்த டிடிபிஏ மருந்து ரத்தத்தோடு போய், கிட்னியில் வடிகட்டப்பட்டு, சிறுநீரில் இறங்கும். அதிலிருந்து வரும் கதிரை காமா கேமரா நிமிடத்துக்கு நிமிடம் படம் பிடிக்கும், ஒவ்வொரு கிட்னிக்கும் ஒரு வரைகோடு கிடைக்கும். நல்ல கிட்னியின் கோடு ஐந்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய் இறங்கத் தொடங்கும். அடைப்பிருந்தால் ஏறிக்கொண்டே போகும். சிறுநீரைப் பெருக்கும் லாசிக்ஸ் கொடுத்த பிறகு 10 நிமிடத்துக்குள் கிட்னியிலிருக்கும் மருந்து பாதி வடிந்தால் அடைப்பில்லை, 20 தாண்டினால் அடைப்பு என்று எடுத்துக்கொள்வார்கள். நடுவில் நின்றால் மற்ற பரிசோதனைகளையும் பார்த்துத்தான் முடிவு. மொத்த வேலையை இரண்டு கிட்னியும் 45-லிருந்து 55 சதவீதத்துக்குள் பங்கிட்டுக்கொள்வது இயல்பு. ஒன்று 10-க்கும் கீழே போயிருந்தால் அதைக் காப்பாற்றுவது பொதுவாகக் கடினம். அதனால்தான் தள்ளிப்போடாதீர்கள் என்கிறேன்.

ஒரு விஷயம் முக்கியம்: தண்ணீர். பஸ்ஸில் வருகிறவர்கள், அதிலும் பெண்கள், வழியில் கழிப்பறைக்கு எங்கே போவது என்று பயந்து காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் வருகிறார்கள். உடம்பு வறண்டிருந்தால் நல்ல கிட்னியின் கோடும் இறங்காது, அடைப்பு மாதிரியே தெரியும். தண்ணீருக்குத் தடை எதுவும் டாக்டர் சொல்லாவிட்டால், வந்து சேர்ந்ததுமாவது அரை லிட்டர் குடிக்கச் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு ஏறுமுன் சிறுநீர் கழித்துவிட வேண்டும்.

கதிர்வீச்சு என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கதிரியக்க மணல்தான் நினைவுக்கு வரும். அந்த மணலில் இருக்கும் தோரியம் பாதியாகக் குறைய 1,400 கோடி ஆண்டு ஆகும். டெக்னீசியத்துக்கு 6 மணி நேரம் போதும், சிறுநீரிலும் வெளியேறிவிடும். “மக்ளே, பேரப்பிள்ளைய தூக்கலாமா?” என்று ஒரு அம்மா கேட்டார். தூக்கலாம், அன்றைக்கு மட்டும் நெடுநேரம் மடியில் வைத்திருக்க வேண்டாம் என்றேன். கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சிடி ஸ்கேனுக்குப் போடும் அயோடின் மருந்து இதில் கிடையாது, கிரியேட்டினின் ஏறியவர்களுக்கும் எடுக்கலாம்.

குழந்தைகளுக்குச் சிறுநீர்த் தொற்று வந்து போன பிறகு கிட்னியில் தழும்பு இருக்கிறதா என்று பார்க்க எடுப்பது டிஎம்எஸ்ஏ. அது வேறு ஸ்கேன். ஊசி போட்டு இரண்டு மூன்று மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

அப்பாவுக்குக் கல் எடுத்த பிறகும் சில மாதம் கழித்து இதே ஸ்கேன் திரும்ப எழுதுவார்கள். முடிந்தவரை அதே மருந்தில், அதே இடத்தில் எடுங்கள், பழைய ரிப்போர்ட்டோடு படங்களையும் கொண்டு போங்கள். ஒரு ரிப்போர்ட்டில் ‘இடது கிட்னி 38 சதவீதம்’ என்றிருந்தால், அந்த எண்ணை மட்டும் பார்த்து கிட்னி தேறுகிறதா தேய்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.